ஒரு வினாவும் இரு விடைகளும்

சென்ற ஆண்டு எமது பாடசாலைக் கலைவிழாவில் நடைபெற்ற பொது அறிவுப் போட்டியிலே நாம் ஒரு பிழை விட்டோம். அது சிறு பிழைதான் என்று ஆறுதல் கூறிய நண்பர்கள் உளர். ஆயினும், மண்டபம் நிறைந்த பெற்றோர் முன்னிலையில் விட்ட பிழையை மண்டபத்துக்கு வெளியே தனியே திருத்திக்கொள்வது முறையாகாது. ஆதலால், இம்மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, வழமைபோலத் தாய்மொழிக் கல்வியின் பயன்களைப் பற்றி எழுதாது இதனையே எழுதத் துணிந்தோம்.

போட்டி நடந்த விதத்தைப் பெற்றோர் மறந்திரார். இரு அணிகள், அணிக்கு நால்வர், மேசைக்கொரு மணி. வினாக்களை எழுதியவரும் நாமே, வாசித்தவரும் நாமே, தீர்ப்புக் கூறியவரும் நாமே. ஊரிலே எட்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்த ஒருவர், வினாத்தாள் எழுதுபவரும் புள்ளியிடுபவரும் ஒருவராக இருத்தல் ஆகாது என்பதையாவது அறிந்திருக்க வேண்டும். அறிந்துதான் இருந்தோம். நேரமில்லை என்பது நாம் எமக்கே சொல்லிக்கொண்ட காரணம்.

இறுதிச் சுற்றிலே இவ்வாறு ஒரு வினா இருந்தது: 'அரசியற் கலவரமொன்றின்போது தீயிட்டு எரிக்கப்பட்ட, வரலாற்றுப் புகழ்பெற்ற நூலகம் எது?' மணியை முதலில் அடித்தவள், இங்குள்ள இடைநிலைப் பள்ளியில் நான்காம் ஆண்டு பயிலும் ஒரு மாணவி. எழுந்து நின்று, 'மொன்றியல் பார்லிமென்ற் நூலகம், சேர்' என்றாள். மண்டபத்தின் பின்வரிசைகளில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. நாம் 'பிழை' என்றோம். வினா மற்றைய அணிக்குச் சென்றது. அவர்கள் 'யாழ்ப்பாணப் பொது நூலகம்' என்றார்கள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அவ்வணிக்கு ஐந்து புள்ளிகள் கிடைத்தன. முடிவில் வெற்றியைத் தீர்மானித்தவையும் அந்த ஐந்து புள்ளிகளே.

அம்மாணவி எதிர்வாதம் எதுவும் செய்யவில்லை. அமர்ந்துகொண்டாள். எம் மக்களின் பிள்ளைகள் ஆசிரியரை எதிர்த்துப் பேசார் என்று நாம் அடிக்கடி பெருமை பேசிக்கொள்வதுண்டு. அப்பெருமையிலே ஒரு பங்கு இப்போது எமக்கு இல்லாமற் போயிற்று.

பவணந்தி முனிவர் நன்னூலிலே வினாவை ஆறாக வகுத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. விடையைத் தான் அறிந்திருந்தும், மாணாக்கன் அறிந்துள்ளானா என்று காணும்பொருட்டு ஆசிரியன் வினவுவது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ளும்பொருட்டு மாணாக்கன் வினவுவது அறியாவினா. பொது அறிவுப் போட்டி என்பது முற்றிலும் அறிவினாக்களால் ஆன ஒரு விளையாட்டு. கேட்பவர் கையில் விடை இருக்கும்; இருக்கின்றது என்ற நம்பிக்கையிலேதான் போட்டி நடக்கும். நாம் வளர்ந்த முறையும் அதுவே. ஆறுமுக நாவலர் 'சைவ வினாவிடை' எழுதிய மண்ணிலே, வினாவுக்கு ஒரு விடை என்பதும், அதனை எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தல் வேண்டும் என்பதும் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டவை. சமயபாடத்துக்கு அம்முறை பொருந்தும். வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதை நாம் அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

பிழை வெளிப்பட்ட இடத்தைச் சொன்னாற் பெற்றோர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அது ஒரு மதுச்சாலை. நாம் அங்கே குடிக்கச் செல்லவில்லை. கோப்பை கழுவச் சென்றோம். 2011 இல் அகதியாக இந்நகருக்கு வந்த நாள்முதல் பகலில் ஒரு தொழிற்சாலையிலும் இரவில் உணவகங்களின் சமையற்கட்டுகளிலுமாக எமது சீவியம் நடந்து வந்திருக்கின்றது. ஊரிலே வெண்கட்டி பிடித்த கை இங்கே சவர்க்கார நுரைக்குட் கிடக்கின்றதே என்று வருந்திய காலமும் உண்டு. அவ்வருத்தம் இப்போது பெருமளவு தேய்ந்துவிட்டது. சனிக்கிழமைகளில் வெண்கட்டி மீண்டும் கைக்கு வருவதும் ஒரு காரணம்.

அந்த மதுச்சாலையிலே வாரத்தில் ஓரிரவு பொது அறிவுப் போட்டி நடக்கும். மேசைக்கு மேசை அணி சேர்ந்து, தமக்கொரு வேடிக்கைப் பெயர் சூட்டிக்கொண்டு, காகிதத்திலே விடையெழுதிக் கொடுப்பார்கள். 1976 அளவில் இங்கிலாந்தின் தென்பகுதி மதுச்சாலைகளிலே ஷரன் பேண்ஸ், டொம் போட்டர் என்னும் இருவர் இவ்வகைப் போட்டிகளை ஒழுங்குபடுத்தி நடத்தத் தொடங்கினார்கள். சமையற்கட்டின் கதவு அரைக்கதவு ஆகையால், வாசிப்பவரின் குரல் ஆங்கிலத்தில் ஒருமுறையும் பிரெஞ்சில் ஒருமுறையுமாக எமக்குக் கேட்கும். எமது பிரெஞ்சு அறிவிலே பாதி அவ்வாறு வந்ததே. '1976 மொன்றியல் ஒலிம்பிக்கிலே நாடியா கொமனேச்சி முழுப்புள்ளி பெற்றபோது புள்ளிப்பலகை காட்டிய எண் யாது?' என்று ஒருநாள் கேட்டார்கள். பத்து என்று எண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தோம். விடை 1.00. அப்பலகை 9.99க்கு மேல் எண் காட்டும்படி அமைக்கப்படவில்லை. முழுப்புள்ளி எவரும் பெறமாட்டார் என்று அமைத்தவர்கள் எண்ணியிருந்தார்கள். பலகை சிறிதாகையால் பதினான்கு வயதுச் சிறுமியின் பத்து, ஒன்றாகத் தெரிந்தது. அவ்விரவு நாம் அதனைக் கேட்டுச் சிரித்தோம். எமது கையிலிருந்த விடைத்தாளும் அத்தகைய பலகைதான் என்பது பின்னரே விளங்கிற்று.

இவ்விளையாட்டுக்கும் இந்நகருக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. உலகமெங்கும் வீடுகளிலே விளையாடப்படும் 'ட்ரிவியல் பெர்சூட்' என்னும் வினாவிடைப் பலகை விளையாட்டு, மொன்றியலிலே பிறந்தது. 1979 டிசெம்பர் 15 ஆம் நாள், 'மொன்றியல் கசெற்' பத்திரிகையின் படப் பிரிவைச் சேர்ந்த கிறிஸ் ஹேனியும், 'கனேடியன் பிரஸ்' செய்தி நிறுவனத்தின் விளையாட்டுச் செய்தியாளர் ஸ்கொட் அபட்டும் சொல்லடுக்கு விளையாட முற்பட்டபோது காய்கள் சில காணாமற் போயிருந்தன. நாமே ஒரு விளையாட்டை ஆக்குவோமே என்று அமர்ந்து, சிறிது நேரத்திலேயே அதன் வடிவத்தை வரைந்துவிட்டார்கள். ஹேனியின் சகோதரர் ஜோனும் எட் வேர்னர் என்ற சட்டத்தரணியும் பின்னர் சேர்ந்துகொண்டார்கள். பலகைக்கு ஓவியந் தீட்டிய பதினெட்டு வயது இளைஞருக்குக் கூலியாகக் கிடைத்தவை ஐந்து பங்குகள். 1981 நவம்பரிலே முதற்பிரதிகள் வெளிவந்தபோது ஒன்றை ஆக்க எழுபத்தைந்து டொலர் செலவாயிற்று. கடைக்காரருக்கு விற்றது பதினைந்து டொலருக்கு. அவ்வணிகத்தைக் கண்டு எவரும் நகைத்திருப்பர். 1984 இல் மட்டும் வட அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பிரதிகள் விற்றன. 2008 இல் அதன் உரிமையை ஒரு பெரிய நிறுவனம் எட்டுக் கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கிற்று.

முதற்பதிப்பில் ஆயிரம் அட்டைகள், ஆறாயிரம் வினாக்கள். அவற்றுள் ஒன்று, கொலம்போ என்னும் தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் என்ன என்பது. (எம் ஊர்த் தலைநகரை எண்ணிவிட வேண்டா, இவர் வேறு.) அட்டையின் மறுபுறத்திலே 'பிலிப்' என்று விடை இருந்தது. உண்மையிலே அத்தொடரில் அவர் முதற்பெயர் ஒருபோதும் பிலிப் என்று சொல்லப்படவில்லை. ஃபிரெட் வேர்த் என்பவர் தாம் தொகுத்த துணுக்குக் களஞ்சியத்திலே, பிறர் பார்த்தெழுதினாற் பிடிபடும்பொருட்டு வேண்டுமென்றே இட்டுவைத்த பொய் அது. தோட்டக்காரர் மாமரத்தில் ஒரு கட்டுச் சோற்றை நஞ்சிட்டுத் தொங்கவிட்டதுபோல என்க. 1984 இல் அவர் முப்பது கோடி டொலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். விளையாட்டை ஆக்கியவர்கள், ஆம், அந்நூலையும் பார்த்தோம், வேறு பல நூல்களையும் பார்த்தோம் என்றார்கள். உண்மைச் செய்திகள் எவருக்கும் தனியுடைமையல்ல என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. வழக்குத் தள்ளுண்டாலும் எமக்கு அதிலே ஒரு கசப்பு எஞ்சியது. எத்தனை வீடுகளிலே 'பிலிப் இல்லை' என்று சொன்ன எத்தனை பிள்ளைகள் புள்ளி இழந்திருப்பார்கள்? அட்டையிலே அவ்வாறு அச்சிட்டிருக்கின்றது என்றால் யார் என்ன செய்வது!

சென்ற கலைவிழா முடிந்து சில வாரங்களின் பின் ஓரிரவு, அரைக்கதவுக்கு அப்பாலிருந்து இவ்வினா கேட்டது: 'ஏறத்தாழ இருபத்துமூவாயிரம் நூல்களோடு 1849 இல் எரிக்கப்பட்ட பாராளுமன்ற நூலகம் எந்நகரில் இருந்தது?' முன்னே இருந்த மேசையினர் உடனே எழுதிவிட்டார்கள். விடை வாசிக்கப்பட்டபோது எம் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தோம். உடையவில்லை. ஆனால் வெகுநேரம் அடுத்ததைக் கையில் எடுக்கவில்லை.

ஓய்வுநாள் வந்ததும் நகரின் பெரிய நூலகத்துக்குச் சென்று தேடிப் படித்தோம். படித்தவற்றைச் சுருக்கித் தருகின்றோம். எம் பிள்ளைகள் தம் வகுப்புகளிலே படிப்பதை நாமும் அறிந்திருத்தல் நன்று.

அக்காலத்திற் கனடா மாகாணத்தின் தலைநகர் ஒற்றாவா அன்று. 1844 இல் அது மொன்றியலுக்கு மாற்றப்பட்டது. மாற்றிய காலத்து ஆளுநர் சாள்ஸ் மெற்காப். இவர் கல்கத்தாவிற் பிறந்தவர். 1835 இல் இந்தியாவின் தற்காலிக ஆளுநர் நாயகமாக இருந்து பத்திரிகைகளின் மேலிருந்த தடைகளை நீக்கியவர். கல்கத்தாப் பொது நூலகத்துக்கு வில்லியம் கோட்டைக் கல்லூரியிலிருந்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களைக் கொடுப்பித்தவர். அவர் கொணர்ந்த பாராளுமன்றம் பழைய நகரிலே புனித அன்னாள் சந்தைக் கட்டடத்தில் இயங்கிற்று. மேல் கனடா, கீழ் கனடா இரண்டினதும் நூற்றொகுதிகளும் ஆவணங்களும் அங்கே சேர்க்கப்பட்டிருந்தன.

1837, 1838 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிகளிலே கீழ் கனடாவிற் சொத்திழந்தவர்களுக்கு நட்டஈடு வழங்கும் சட்டமொன்று இயற்றப்பட்டது. கிளர்ச்சி செய்தவர்களுக்கே பணங் கொடுப்பதா என்று ஆங்கிலம் பேசும் பழமைவாதிகள் கொதித்தனர். 1849 ஏப்பிரல் 25 ஆம் நாள் ஆளுநர் எல்ஜின் பிரபு அச்சட்டத்துக்கு ஒப்புதலளித்து வெளியே வந்தபோது அவர் வண்டிமேல் முட்டைகளையும் கற்களையும் எறிந்தார்கள். அன்று மாலை சான் டு மார்ஸ் மைதானத்திலே பெருங்கூட்டம் கூடிற்று. அங்கிருந்து தீவட்டிகளோடு பாராளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். சபை கூடியிருந்த வேளையிலேயே சாளரங்கள் உடைக்கப்பட்டன. கூட்டத்திலே ஒருவன் சபாநாயகர் ஆசனத்தில் ஏறியமர்ந்து சபையைக் கலைத்துவிட்டதாகக் கூவினான். விளக்குகளுக்கு எரிவாயு கொண்டுவந்த குழாய் உடைந்து தீப்பற்றியது. கூட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான அல்பிரட் பெரி யார் தெரியுமா? தீயணைக்கும் தொண்டர்படை ஒன்றின் தலைவர்!

இருபத்துமூவாயிரம் நூல்களிலே ஏறத்தாழ இருநூறே தப்பின. அத்தோடு விக்ரோரியா மகாராணியின் பெரிய ஓவியமொன்றை நால்வர் சுமந்து வெளியே கொணர்ந்தார்கள். அந்நால்வருள் ஒருவர் இருபத்திரண்டு வயது நில அளவையாளர் சான்ட்போர்ட் பிளெமிங். பின்னாளிற் கனடாவின் முதற் தபால் முத்திரையை வரைந்தவரும், உலகுக்கெல்லாம் நேர வலயங்கள் வேண்டும் என்று வாதாடியவரும் இவரே. முட்டையெறி பட்ட எல்ஜின் பிரபு 1862 இல் இந்தியாவின் வைசிராயாகி, மறு ஆண்டு இமயமலைச் சாரலிலே தர்மசாலாவில் இறந்து அங்கேயே அடக்கம் பண்ணப்பட்டார். அவருக்குப் பின் மொன்றியல் ஒருபோதும் தலைநகராகவில்லை.

இத்தனையையும் அம்மாணவி தன் பாடப்புத்தகத்திலே படித்திருந்தாள். எமது வினாவிலே 'அரசியற் கலவரம்' என்றிருந்தது, 'தீயிட்டு' என்றிருந்தது, 'யாழ்ப்பாணம்' என்றோ '1981' என்றோ ஒரு சொல்லும் இருக்கவில்லை. வினாவை வினாவாகவே கேட்டவள் அவள் ஒருத்திதான். மண்டபத்திலிருந்த நாமெல்லோரும் வினாவைக் கேட்கவில்லை. எமது நெஞ்சிலிருந்ததைக் கேட்டோம்.

நெஞ்சிலிருந்தது பொய்யன்று. 1981 மே 31 இரவு முதல் யூன் 1 வரை யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் எரிந்தன என்பது பலரும் அறிந்த கணக்கு. நாம் பிறந்ததும் அவ்வாண்டே. 'நூலகம் எரிஞ்ச வருசத்துப் பிள்ளை' என்றுதான் எம் அப்பா எம் வயதை எவருக்கும் சொல்வார். 1933 இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் இல்லத்திலே தொடங்கிய சிறு நூற்றொகுதி அது. பின்னர் மக்கள் பணஞ் சேர்த்து, லோங் அடிகளார் முதலியோர் அலைந்து உழைத்து, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த வெண்ணிற மாளிகை 1959 இல் திறக்கப்பட்டது. அது எரிவதைப் புனித பத்திரிசியார் கல்லூரியின் மாடியிலிருந்து கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அதிர்ச்சியுற்று உயிர் துறந்தார். மீளக் கட்டிய அதே மாளிகையின் வாசிப்பறையிலே அமர்ந்துதான் நாம் எமது வகுப்புகளுக்குக் குறிப்பெடுத்தோம். புதுச் சுண்ணாம்பின் மணமும் புத்தம்புதிய அலுமாரிகளும் எமக்கு எவ்வகை மகிழ்ச்சியையும் தந்ததில்லை. பழைய நூலகங்களில் இருக்கும் தூசு அங்கே இல்லை.

ஆகவே அவ்வினாவுக்கு யாழ்ப்பாணம் என்பதும் சரியான விடை. ஆனால் அது ஒன்றே விடை என்று எண்ணியதிலே எமது துயரத்துக்கு இருந்த பங்கு பெரிது. அறிவுக்கு இருந்த பங்கு சிறிது. பெல்ஜியத்தின் லூவெனிலே 1914 இல் ஜெர்மானியப் படை பல்கலைக்கழக நூலகத்தை எரித்தது. மீளக் கட்டியதை 1940 இல் மீண்டும் இழந்தார்கள். சரயேவோவின் தேசிய நூலகம் 1992 ஓகஸ்டிலே குண்டுகளால் எரிந்தது. எரிந்த நூலகம் உடையவர்கள் உலகத்திலே நாம் மட்டுமல்லர். இந்தக் குளிர் நகரத்தாரும் அவர்களுள் ஒருவர் என்று எம் மாணவி ஒருத்தி எழுந்து சொன்னபோது நாம் சிரிக்க விட்டுவிட்டோம்.

அப்போட்டியின் இன்னொரு வினாவையும் இங்கே சொல்ல வேண்டும். '1986 ஓகஸ்ட் 11 ஆம் நாள் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் நிகழ்ந்தது யாது?' ஈரணியும் விடை சொல்லவில்லை. உயிர்காப்புப் படகுகள் இரண்டிலே மிதந்த 155 ஈழத்தமிழரை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள் என்று விடையை நாமே வாசித்து, தலைமை மீனவர் கஸ் டோல்ற்றன் பெயரையும் சொல்லி, நேரம் போகின்றதென்று அடுத்ததற்குச் சென்றோம். பார்வையாளர் வாய் திறக்கக்கூடாது என்பது போட்டி விதி. தேநீர் இடைவேளையிலே ஒரு பெரியவர் வந்து, 'தம்பி, இரண்டு படகெண்டு சரியாச் சொன்னீர். நான் இரண்டாவதிலை இருந்தனான்' என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வடையொன்றை எடுத்துக்கொண்டு பேரனைத் தேடிச் சென்றார். பேரன் அப்போட்டியிலே விடை தெரியாது விழித்த எண்மருள் ஒருவன்.

அப்பெரியவர் சென்றபின்னும் எமக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மதுச்சாலையின் அரைக்கதவுக்குப் பின்னேதான் இரண்டும் ஒன்றாக உறைத்தன.

சமையற்கட்டிலே கேட்டதற்கு மறு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அம்மாணவியை அழைத்து, 'பிள்ளை, உம்முடைய விடை சரி. நாங்கள்தான் பிழை விட்டுவிட்டோம்' என்றோம். அவள் சற்று நாணி, 'பரவாயில்லை சேர்' என்றாள். பரவாயில்லை என்பது எம் மொழியிலே எத்தனை பொருள் தரும் சொல் என்பதைப் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை. 'தெரிஞ்சுமா நீர் அப்ப ஒண்டும் சொல்லேல்லை?' என்று கேட்டோம். 'எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தவை. எங்கட அம்மாவும் தட்டினவ' என்றாள்.

இவ்வாண்டு வசந்தம் வந்ததும், மேல்வகுப்பு மாணவர் பத்துப் பேரையும் பெற்றோர் சிலரையும் அழைத்துக்கொண்டு சுரங்கத் தொடருந்திலே ஸ்குவேர் விக்ரோரியா நிலையத்தில் இறங்கி, பழைய நகரின் பிளாஸ் டியூவில் என்னும் இடத்துக்கு நடந்தோம். பாராளுமன்றம் எரிந்த இடம் அதுவே. நெடுங்காலம் வண்டிகள் நிறுத்தும் இடமாகக் கிடந்தது. பின்னர் அருகிலுள்ள அரும்பொருளகத்தார் பல ஆண்டுகளாக அகழ்ந்து ஆராய்ந்தபோது கட்டடத்தின் அடித்தளமும் எண்ணற்ற பொருள்களும், கருகிய நூல்களின் எச்சங்களுங்கூட வெளிப்பட்டன. மண்ணுக்குள்ளே நூற்றறுபது ஆண்டுக்கு மேலாகக் காகிதம் காகிதமாகவே இருந்திருக்கின்றது. வரலாறு கற்பித்தவர்களுக்கு இது நம்பற்கரியதொன்று. அங்கே நாம் வாய் திறக்கவில்லை. அம்மாணவியே ஆசிரியராக நின்று, தமிழும் பிரெஞ்சும் கலந்து எல்லாருக்கும் விளக்கினாள். 'தீவட்டி' என்ற சொல்லுக்கு மட்டும் எம்மைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒற்றாவாவிலே 1916 இல் பாராளுமன்றம் மறுபடி எரிந்த கதையையும் அவள் சொன்னாள். அன்று நூலகத்தின் இரும்புக் கதவுகளை நூலகர் மூடச் செய்தமையால் நூலகம் தப்பிற்று. 1849 இல் நால்வர் சுமந்த அதே மகாராணி ஓவியம் அந்தத் தீயிலிருந்தும் காப்பாற்றப்பட்டது. சொல்லி முடித்தவள் எம் பக்கம் திரும்பி, 'சேர், யாழ்ப்பாணத்திலை இரும்புக் கதவு இருந்திருந்தாத் தப்பியிருக்குமா?' என்று கேட்டாள்.

நன்னூலார் வகுத்த ஆறனுள் இது எது என்று நாம் அப்போது ஆராயவில்லை. 'இல்லைப் பிள்ளை' என்றோம். 'ஒற்றாவாவிலே தீ தானாக வந்தது. கதவைக் கண்டு நின்றது. அங்கே தீயை ஆட்கள் கையிற் கொண்டு வந்தார்கள். ஆட்கள் கதவை உடைப்பார்கள்.' கூட வந்திருந்த தாய்மார் இருவர் தலை குனிந்துகொண்டனர். பிள்ளைகள் குழியின் ஓரத்திலிருந்து நகர மனமின்றி நின்றார்கள். காற்று நதிப்பக்கத்திலிருந்து இன்னுங் குளிராகவே வீசிக்கொண்டிருந்தது. எவரோ ஒருவர் கொண்டுவந்திருந்த சூடான தேநீரை ஆளுக்கு அரைக்கோப்பையாகப் பகிர்ந்து குடித்தோம்.

இவ்விழாவின் போட்டிக்கு வினாக்களை எழுதுபவர்கள் இம்முறை மாணவர்களே. ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ அயலிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம் அறியாவினா கேட்டு, அவ்விடையிலிருந்து ஒரு வினா எழுதி வர வேண்டும், பாடப்புத்தகத்திலிருந்து இன்னொன்று. இரண்டாம் படகிலிருந்த பெரியவரின் வீட்டுக்கு இதுவரை மூவர் சென்று வந்திருக்கின்றனர். முதலிற் சென்றவன் அவர் பேரன்தான். ஒரே பெரியவரிடம் மூவர் சென்றதனால் ஒரே வினா மூன்று விதமாக வந்திருக்கின்றது. விடைகளும் சற்றே வேறுபடுகின்றன. எதனை எடுப்பது என்று நடுவர் குழு இன்னும் முடிவு செய்யவில்லை. நடுவர் குழுவிலே இப்போது ஐவர் உள்ளனர். நாம் அவர்களுள் ஒருவரே.

இனிப் பிழைதிருத்தம். சென்ற ஆண்டு மலருக்குப் பின் வெளியிட்ட விழா அறிக்கையிலே, முதலாம் அணி 85, இரண்டாம் அணி 90 என்று காண்பதை, இரு அணிகளும் 90 எனத் திருத்தி வாசிக்குமாறு வேண்டுகின்றோம். இரண்டாம் அணியினர் சொன்ன விடையும் சரியாகையால் அவர்கள் புள்ளியிற் குறைப்பதற்கு ஒன்றுமில்லை. சுழற்கேடயத்தை மிகுதி ஆறு மாதமும் முதலாம் அணியிடம் ஒப்படைக்க இரண்டாம் அணியின் பெற்றோர் மனமுவந்து இசைந்தனர். செய்தியை அம்மாணவியிடம் சொன்னோம். சற்று யோசித்துவிட்டு அவள் சொன்னாள்: 'கேடயம் அவையளிட்டையே இருக்கட்டும் சேர். ஆனா இந்த முறை விடைத்தாளை வாசிக்க முதல் எங்களுக்கும் ஒருக்காக் காட்டுங்கோ.'